உன் கனவில் எனக்கு எத்தனை கை?

தாயி,

இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் முதலில் ஒரு காரியம் செய். நோட்டன் பிரிட்ஜுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு என்று நீ ஏதாவது எழுதி வைத்திருந்தால் அதைத் தபாலில் போடாதே. ஏற்கெனவே போட்டுவிட்டாய் என்றால் எனக்கு ஒரு தந்தி அடி. "எங்கப்பாவுக்குக் கை இல்லங்கிறதால அவர் தாரை வார்க்கக் கூடாதுன்னு சொல்ற வீட்டுக்கு நான் எதுக்கு வாழப் போகணும்? கல்யாணத்த நிறுத்திருங்க" என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் பன்னிரண்டு நாளில் கல்யாணம். கோயிலில் சொல்லியாயிற்று, பந்தலுக்குக் கம்பு வெட்டியாயிற்று, உன் அம்மா உனக்கு எடுத்த சேலையை நாளுக்கு இரண்டு தடவை பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைக்கிறாள். நீ கோபக்காரி, என் மகள் வேறு எப்படி இருப்பாய்? ஆனால் இந்தக் கோபம் போய்ச் சேரவேண்டிய வீடு அது இல்லை. அதைச் சொல்லத்தான் இன்று ஞாயிற்றுக்கிழமை, மெஷின் ஓடாத தேயிலை ஸ்டோர் வாசலில், என் காவல் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். "மாப்பிள்ளை வீட்டார் விரும்பவில்லை, சித்தப்பா தாரை வார்ப்பார், இதில் பேச்சில்லை" என்று போன வாரம் நான் எழுதினேனே, அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு இதைப் படி.

எழுத்து வழக்கம்போல இடது பக்கம் சாய்ந்துதான் கிடக்கிறது. வட்டகொடையில் நீ இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர், இதைப் பார்த்தால் உன் கை சிவப்புப் பென்சிலைத் தேடும். ஆனால் இந்த எழுத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கற்றோம், மறந்துவிடாதே. கொழுந்தை நசுக்கிச் சுருட்டுகிற ரோலரில் என் வலது கை போனபோது உனக்கு ஒன்பது மாதம். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருஷம், நல்ல மழைக்காலம், கொழுந்து மலையாகக் குவிந்து கிடந்தது. ரோலர் அடைத்துக்கொண்டது. மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கையை விடவேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நிறுத்தினால் டீமேக்கர் ஐயா கத்துவாரே என்று ஓடுகிற மெஷினில் கையை விட்டேன். அதே வருஷம்தான் நம்மையெல்லாம் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று சட்டம் வந்தது, அப்புறம் ஓட்டும் போனது. லயத்து வரிசை வீடுகள் முழுக்க அதே பேச்சு. எனக்கு மட்டும் என் கையின் துக்கமே பெரிதாக இருந்தது, இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. துரை என்னை ஸ்டோர் வாசலுக்குக் காவல்காரனாகப் போட்டார். நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் சிலேட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து 'அ' எழுதினாய், நானும் இடது கையால் 'அ' எழுதினேன். "சுழி பெருசாப் போச்சுப்பா" என்று எச்சில் தொட்டு என்னுடையதை மட்டும் அழித்துவிட்டாய்.

இனிக் கனவுக்கு வருகிறேன். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பம். கை போன பிறகும் என் கனவில் கை போகவில்லை. பெரிய கனவு என்று நினைத்துவிடாதே. சட்டைக்குப் பொத்தான் போடுவேன். சோற்றைப் பிசைவேன். பீடியை வாயில் வைத்து, ஒரு கையில் நெருப்புப் பெட்டியும் மறு கையில் குச்சியுமாகக் கிழித்து, காற்றுக்கு உள்ளங்கையைக் குவித்து மறைப்பேன். கனவுக்குள் அது ஒரு அதிசயமாகவே தெரியாது. காலையில் விழித்துக் கம்பளியை விலக்க வலது கையை நீட்டுவேன் பார், அப்போதுதான் தெரியும். அந்த ஒரு நொடி, தாயி, அதைப் போல ஒரு வேதனை எனக்கு வேறு இல்லை. எழுந்து அப்படியே உட்கார்ந்திருப்பேன். உன் அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் புறப்படுகிற அவசரத்திலும் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். "இன்னிக்கும் ரெண்டு கையோட சுத்திட்டு வந்தீங்களாக்கும்?" என்பாள். எதையும் கேலியாகத்தான் அவளுக்குக் கேட்கத் தெரியும். தேத்தண்ணியை என் இடது கைப் பக்கமாக வைத்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

உனக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு காலையில் நீ கண்ணைக் கசக்கிக்கொண்டே, "அம்மா, கனவுல அப்பா வந்தாங்க, ஒரு கைதான் இருந்துச்சு" என்றாய். கெட்ட கனவு கண்டால் யாரோடும் பேசாமல் போய் ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிடவேண்டும், தண்ணீர் அதைக் கொண்டுபோய்விடும், பலிக்காது என்பது நம் லயத்துப் பழக்கம். அங்கம் குறைந்து கனவு வந்தால் ஆகாது என்றே கேட்டு வளர்ந்தவள் உன் அம்மா. பலிப்பதற்கு இனி என்ன பாக்கி என்று அவள் யோசிக்கவே இல்லை. பதறிப்போய் உன்னைத் தூக்கிக்கொண்டு மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்கு ஓடினாள். அங்கே தண்ணீர் பிடிக்க ஏழெட்டுப் பெண்கள் வாளியோடு நின்றார்கள். நீ விழுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் போய், கையைக் கூப்பி, உரத்த குரலில், "தண்ணி, தண்ணி, எங்கப்பாவுக்கு ஒரு கை இல்லாமப் போற மாதிரி கனவு வந்துச்சு. அது நடக்கக் கூடாது" என்றாய். அப்புறம் யாரோ ஒருத்தி, "அடியே, அது நடந்து அஞ்சு வருசமாச்சேடி!" என்றாள். பீலிக்கரை முழுக்கச் சிரித்தது. உன் அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர்கள் கெட்ட மனத்தோடு சிரிக்கவில்லை, இன்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அன்று நான் வாளியோடு உங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

உன் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். நம் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் வைத்து உன்னை அறைந்தேன். எனக்கு மிஞ்சிய ஒரே கையால். "கனவுலகூட எனக்கு இன்னொரு கை குடுக்க ஒனக்கு மனசு வரலியா?" என்று கத்தினேன். ஐந்து வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? நீ அழவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தாய். மறுநாள் காலையில் நீயாக வந்து என் முழங்காலைத் தொட்டு, "அப்பா, இன்னிக்குக் கனவுல ஒங்களுக்கு ரெண்டு கையும் இருந்துச்சு" என்றாய். உன்னைத் தூக்கி முத்தம் கொடுத்து, பானையிலிருந்து கித்துள் கருப்பட்டியில் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை அந்தக் கனவு உனக்கு வந்தது. "ரெண்டு கையால என்ன செஞ்சேன்?" என்று கேட்பேன். "என்னைய மேல தூக்கிப் போட்டுப் பிடிச்சீங்க", "கொழுந்து பறிச்சீங்க", "ரயிலுக்குக் கை காட்டினீங்க." நீ பெரிய பெண்ணாகிக் கருப்பட்டி கேட்பதை நிறுத்திய பிறகும் எப்போதாவது சொல்வாய். உலகத்தில் எல்லா இடத்திலும் நான் ஒற்றைக் கையன், என் மகளின் தூக்கத்தில் மட்டும் முழு ஆள் என்று நான் நம்பினேன். எவ்வளவு நம்பினேன் என்று உனக்குத் தெரியாது.

ஒருத்தர் எனக்கு அப்போதே சொன்னார். கொழுந்துக் கூடை பின்னுகிற மாமாவை நினைவிருக்கிறதா, பிறவியிலேயே கண் தெரியாதவர்? அவரிடம் போய் உன் கனவைப் பெருமையடித்தேன். அவர் கூடையிலிருந்து கையை எடுக்காமலே சிரித்தார். "பாப்பா ஒன்னைய ரெண்டு கையோட பாத்ததே இல்லியேப்பா. பாக்காதது கனவுல எப்படி வரும்? என் கனவுல இன்னிக்கு வரைக்கும் ஒரு உருவம் வந்ததில்ல. வாசம் வரும், பேச்சு வரும், பிரம்பு கையில ஓடும். எதும் கொறையுதுன்னு எனக்குத் தோணுனதே இல்ல. இருந்து போனவன் நீ, ஒனக்குத்தான் தேட்டம். அந்தப் புள்ளைக்கு என்ன தேட்டம்?" என்றார். நான் அவரோடு ஒரு மழைக்காலம் முழுவதும் பேசவில்லை. கண் தெரியாதவர் கண்டுபிடித்தது எனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிய வேண்டாம் என்று இருந்தேன். பொய்யை ஆசையோடு வாங்குகிற ஆள் வீட்டில் ஒருவன் இருந்துவிட்டால் மற்றவர்கள் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கும், தாயி. நாளைக்கு உன் வீட்டில் அந்த ஆளாக நீ இருந்துவிடாதே, உன் புருஷனையும் இருக்க விடாதே.

இப்போது கேள். நிச்சயத்துக்கு மாப்பிள்ளையின் அப்பா வந்த அன்று உனக்கு லீவு கிடைக்கவில்லை. சாப்பாடெல்லாம் முடிந்து, நான் அவரோடு பஸ் ரோட்டுவரை நடந்தேன். போகிற வழியில் அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "தாரை வாக்கிறது நீங்கதானுங்களே சம்பந்தி?" அவர் வாயை மூடுவதற்குள் நான், "இல்லீங்க, தம்பி செய்வான். எடது கையால பொண்ணக் குடுத்தா நல்லா இருக்காதுங்க" என்றேன். அவர் நின்று என்னைப் பார்த்தார். "நாங்க அதெல்லாம் பாக்கிறதில்லீங்க. நீங்க குடுத்தாத்தான் எங்களுக்குச் சந்தோசம். அப்புறம் ஒங்க இஷ்டம்" என்றார். இதுதான் நடந்தது. ஒரு எழுத்துக்கூட அதிகம் இல்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து உன் அம்மாவிடம், அவர்கள் விரும்பவில்லை என்று சொன்னேன். உனக்கும் அதையே எழுதினேன். நல்ல மனுஷன் ஒருவர் மேல் பழியைப் போட்டேன், தாயி. அவர் மகனோடு நீ வாழப் போகிறாய் என்பதைக்கூட நினைக்கவில்லை.

ஏன் சொன்னேன்? இடது கை என்பது பாதிக் காரணம். நம் ஆட்கள் இடது கையால் ஒரு வெற்றிலைகூடக் கொடுக்கமாட்டார்கள். பதினெட்டு வருஷமாக நான் திருநீறு வாங்குவதும் இந்தக் கையில்தான், ஒவ்வொரு தடவையும் பூசாரியின் விரல் ஒரு கணம் தயங்கித்தான் விழும். அதை நான் தாங்கிக்கொள்வேன். மீதிக் காரணம் நீ. மணவறையில் எல்லோர் முன்னாலும் ஒற்றைக் கையோடு நான் வந்து நின்றால், உன் தூக்கத்தில் இருக்கிற அந்த முழு அப்பா அன்றோடு போய்விடுவான் என்று பயந்தேன். நானே ஒரு கனவு கண்டேன், நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னால். உன் கல்யாணம். இரண்டு கையாலும் தாரை வார்க்கிறேன், என் கை வழியாகத் தண்ணீர் ஓடுகிறது. விழித்ததும் அந்தக் கனவையே வைத்துக்கொள்வோம், நிஜத்துக்குத் தம்பி போகட்டும் என்று முடிவு செய்தேன். பைத்தியக்காரத்தனம்தான். எழுதிப் பார்க்கும்போது நன்றாகவே தெரிகிறது.

அப்புறம் உன் நாலு பக்கக் கடிதம் வந்தது. "நான் பொய் சொன்னேம்பா. ஒரு கனவுலகூட ஒங்களுக்கு ரெண்டு கை இருந்ததில்ல" என்ற இடத்தில் நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். கை இரண்டாவது தடவை போனது போல இருந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் மீதியை எடுத்தேன். உனக்கு அடிக்கடி வருகிற கனவை எழுதியிருந்தாய். மழை. பங்களாப் பாதையில் நான் உன்னை இடது இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன், எனக்கும் சேர்த்து நீ குடை பிடிக்கிறாய். நிஜத்தில் எத்தனை நாள் அப்படி ஏறியிருக்கிறோம்! உன் குடை என் கண்ணை மறைக்கும், நான் திட்டுவேன், நீ "எடப்பக்கம் கல்லு, வலப்பக்கம் பள்ளம்" என்று வழி சொல்வாய். "ஒங்களுக்கு ரெண்டு கையும் இருந்தா அந்தக் கனவுல நான் எதுக்குப்பா?" என்று கேட்டிருந்தாய். அந்த வரியில் நான் அழுதேன். ஸ்டோருக்குள் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், தேயிலைத் தூசி என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு என் கனவுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சின்ன வயதில் நீ கேட்பாய், "ஒங்க கனவுல நான் வருவேனாப்பா?" என்று. "தினமும்" என்று சொல்வேன். அதுவும் பொய்தான். இரண்டு கையோடு நான் சோறு பிசைந்த கனவு எதிலும் நீ இருந்ததில்லை. சட்டைப் பொத்தான் போட்ட கனவிலும் இல்லை. கல்யாணக் கனவில்கூட நான் தாரை வார்த்த பெண்ணின் முகம் எனக்குத் தெரியவில்லை, தண்ணீரும் என் கைகளும்தான் தெரிந்தன. போன கையைத் தேடி நான் போன இடத்துக்கெல்லாம் உன்னை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறேன். நீயோ உன் தூக்கத்தில் என்னை இருக்கிறபடியே கூட வைத்துக்கொண்டிருந்தாய். உன்னை அறைந்ததற்கும், அப்படி ஒரு பிள்ளையைப் பொய் சொல்ல வைத்ததற்கும் நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

நேற்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேலி செய்யவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுப்பு விறகை வெளியே இழுத்துவிட்டு, "நாளக் கழிச்சு மொத பஸ்ஸுல நோட்டன் பிரிட்ஜ் போறோம். நானும் வாறேன். தனியா விட்டா பாதி வழியில தேத்தண்ணி குடிக்கிறேன்னு எறங்கிருவீங்க" என்றாள். சம்பந்திக்கு முன்னால் என்ன சொல்வது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். எப்படிச் சொன்னாலும் நன்றாக இல்லை. உங்கள் பெயரில் பொய் சொன்னேன் என்று நேராகச் சொல்லிவிட வேண்டியதுதான். அவர் கோபித்துக்கொண்டால் அது என்னோடு போகட்டும், உன் மேல் வராது, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. உன் சித்தப்பாவிடம் இன்று காலையிலேயே சொல்லிவிட்டேன். "அப்பாடா! எனக்குப் பாதி உசுரு போயிருச்சுண்ணே. ஒங்க மக என்னைய மொறச்சே கொன்னுருப்பா" என்றான்.

அதனால் நானே நிற்கிறேன், தாயி. கையை எப்படிப் பிடிப்பது என்று உன் அம்மாவை நிறுத்தி வைத்துப் பழகிப் பார்த்தேன். என் உள்ளங்கையில் உன் கை, அதை அப்படியே மாப்பிள்ளை கைக்கு மாற்றவேண்டும், அம்மா செம்பால் தண்ணீர் ஊற்றுவாள். முடிகிற காரியம்தான். ஆனால் பழகும்போது ஒன்று தெரிந்தது. இரண்டு கை உள்ள தகப்பன் ஒரு கையால் கொடுத்தாலும் மறு கையால் மகளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதி இல்லை. கொடுத்தால் அவ்வளவுதான், என் கை வெறுங்கையாகிவிடும். பூசாரி தயங்குவதற்கோ, ஊர் பார்ப்பதற்கோ இப்போது எனக்குப் பயமில்லை, இதற்குத்தான் பயமாக இருக்கிறது. கொடுத்துவிடுவேன், சந்தேகப்படாதே. அம்மா தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு, நீ மட்டும் உன் கையைக் கொஞ்சம் மெதுவாக எடு.

உன் அப்பா